தகப்பன் இருந்தால்

காய்ச்சலில் இறந்துபோன மகன் ரெக்ஸின் வீட்டுப் பத்திரத்தை ஜெபமாலை வக்கீலிடம் நீட்டினாள்.

“மகனுக்குக் கல்யாணம் ஆகலையா? இந்துவா இருந்தா தாய்க்குத்தான் மொத உரிமை. உங்க கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்துல தகப்பன் இருந்தா தாய்க்குப் பங்கே இல்லம்மா.”

“அவரு பேருக்கே மாத்துங்க சார்.”

“சண்டை போடுவீங்கன்னு நெனச்சேன். சரி, கையெழுத்துப் போட அவரை வரச் சொல்லுங்க.”

கூட வந்திருந்த மகள் ஜெர்லின்தான் சொன்னாள். “எங்கய்யா கடலுக்குப் போயி ஒம்பது வருசமாச்சு சார். வள்ளம் மட்டும்தான் கரைக்கு வந்துச்சு.”

“ஏழு வருசம் தகவல் இல்லைன்னா இறந்ததாச் சட்டமே எடுத்துக்கும். ஒரு மனு போட்டா வீடு உங்க ரெண்டு பேருக்கும்தான்.”

ஜெபமாலை பத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

“ரெக்ஸை மண்ணுல வச்சிட்டு வந்திருக்கேன் சார். இவரையும் நானே சாகடிக்கணுமா? வீடு அப்படியே கெடக்கட்டும். வந்து கையெழுத்துப் போடுவாரு.”