இரண்டாவது வட்டம்

மறுநாள் பௌர்ணமி. கிரிவலம் போகிறவர்களுக்கு வாசலில் குடிதண்ணீர் வைக்க வேதா புது நீல டிரம் வாங்கியிருந்தாள். அவள் கணவன் அருணகிரி அதில் குழாய் பொருத்தினான். அடிப்பக்கம் துளை போட்டதும், வெட்டுப்பட்ட வட்டத் துண்டு உள்ளே விழுந்தது. கைவிட்டுத் துழாவினான். இரண்டு துண்டுகள் வந்தன.

“ஒரு ஓட்டைதானே போட்டீங்க?” என்றாள் வேதா.

“ஒண்ணுதான் போட்டேன்.”

டிரம்மைச் சுற்றிலும் தடவிப் பார்த்தார்கள். வேறு ஓட்டை இல்லை.

உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக ரப்பர் வாஷர் வைத்து நட்டை இறுக்கினான். டிரம்மை நிரப்பினார்கள். குழாயில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது தண்ணீர் பாதிக்கு இறங்கியிருந்தது. தரை காய்ந்து கிடந்தது. மறுபடி நிரப்பினார்கள். அதே பாதியில் வந்து நின்றது.

“ஒழுகவே இல்ல, எப்படிக் கம்மியாவுது?” என்றான் அருணகிரி.

வேதா டிரம்முக்குள் தலையை நுழைத்தாள். தண்ணீருக்குச் சற்று மேலே, அந்தத் துண்டின் அளவுக்கே, வட்டமாக வெயில் தெரிந்தது. அவள் வெளியே விரல் வைத்துக் காட்டிய அதே இடத்தை அருணகிரி உள்ளங்கையால் மூடினான். வெயில் மறையவில்லை.

“என்ன தெரியுது?”

வேதா தலையை எடுக்காமலே சொன்னாள்.

“ஒருத்தர் ரெண்டு கையையும் குவிச்சுக்கிட்டு நிக்கிறாருங்க. பின்னாடி பெரிய வரிசை நிக்குது. சீக்கிரம் ஊத்துங்க.”