நாலு வருஷ இரவல்

ஆர்வினை அடக்கம் செய்துவிட்டு வந்து, சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லாரும் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"ஆர்வினைப் பத்தி யாராவது ரெண்டு வார்த்தை பேசுங்களேன்" என்றார் பாஸ்டர்.

மகள் ஜோலீன் முதலில் எழுந்தாள்.

"இந்த ஊர்ல எங்கப்பா கை படாத குழாய் கிடையாது, கதவு கிடையாது. ரிப்பேருக்குப் போன எந்த வீட்டிலிருந்தும் அடுத்தவங்க ஆணி ஒண்ணைக்கூட எடுத்துட்டு வந்ததில்லை."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்து வெர்ன் எழுந்தார். வயது எண்பத்தொன்று.

"ஆர்வின் நல்ல மனுஷன். என் ஏணியை இரவல் வாங்கிட்டுப் போய் நாலு வருஷமாச்சு. இனிமே அதை யார்கிட்ட கேக்கறது?"

கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"என் மோட்டார் ரம்பமும் அங்கேதான் இருக்கு" என்றார் பின்வரிசையிலிருந்து டுவெய்ன். "ரெண்டு வருஷமா."

அமெரிக்காவில் எங்கள் மினசோட்டா மாநிலத்துக்காரர்கள் விஷயம் இப்படித்தான். இரவல் கேட்டால் இல்லையென்று சொல்லக் கூடாது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கூடாது. அது திரும்பி வரும்வரை புதுசு வாங்கினால் ஊதாரி. ஆள் செத்த பிறகு கேட்கலாம் போலிருக்கிறது.

ஜோலீனின் முகம் சுண்டிப்போயிற்று. காபி கொண்டுவரும் சாக்கில் சமையலறைக்குள் போனவள் திரும்பி வரவேயில்லை. நான் இன்னொரு சாண்ட்விச் எடுத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் வேறென்ன செய்வது?

மறுநாள் காலை அவள் அப்பாவின் கராஜைத் திறந்தாள். அவர் இருந்தவரை உள்ளே யாரையும் விட்டதில்லை. ஏனென்று இப்போது தெரிந்தது. சுவரோரமாக ஏழு சாமான்கள். ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி, அப்பாவின் கையெழுத்தில் ஒவ்வொருவர் பெயர். வெர்னின் ஏணிக்கு நேர் மேலே அப்பாவின் சொந்த ஏணிகள் மூன்று தொங்கின.

"மூணு ஏணி வச்சுக்கிட்டு நாலாவதை எதுக்குப்பா அமுக்கினீங்க?" என்று வாய்விட்டே கேட்டாள்.

ஊரே கொண்டாடிய மனிதர் அடக்கமான அன்றைக்கே திருடனாகிவிட்டார். அவர் பெயரைக் காப்பாற்ற வேண்டும். ஏழு சாமான்களையும் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு முதலில் வெர்ன் வீட்டுக்குப் போனாள்.

வெர்ன் ஏணியை ஒவ்வொரு படியாகத் தட்டிப் பார்த்தார்.

"என் கூரை ஓரத்துல இலை அடைச்சுக்கும். வருஷா வருஷம் உங்கப்பாவே வந்து ஏறி அள்ளிப் போட்டுட்டுப் போவார். அதுவும் அவரோட ஏணியில. என்னுதைக் கண்ணுலயே காட்ட மாட்டார். என்ன ஜென்மமோ."

"அவருக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றாள் ஜோலீன். சொல்லும்போதே அழுகை முட்டியது.

அவள் வண்டியில் ஏறியதும், வெர்னின் மனைவி லவோன் கையில் துடைத்துக்கொண்டிருந்த தட்டோடு ஓடி வந்தாள்.

"ஏம்மா, உன்னை யாரு இதைக் கொண்டு வரச் சொன்னது?"

"அவர்தானே நேத்து..."

"அவர் சொல்வார். தலை சுத்தி அந்த ஏணியிலிருந்து ரெண்டு தடவை விழுந்த மனுஷன். ஏறாதீங்கன்னா கேக்கற ஆளா? உங்கப்பாகிட்ட சொல்லி அழுதேன். மறுநாளே வந்து ஏணியை இரவல் வாங்கிட்டுப் போயிட்டார்."

ஜோலீன் பின்னால் கிடந்த ரம்பத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"டுவெய்னுக்குக் கை நடுங்குது. அவன் பொண்டாட்டியும் உங்கப்பாகிட்டதான் வந்தா. மத்ததும் அப்படித்தான்."

"இதை நேத்து எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, இவர் சாயங்காலமே புது ஏணியோட வந்து நிப்பார். எனக்கு அங்கே சாண்ட்விச் தொண்டையில இறங்கலைம்மா. ஆனா உங்கப்பாவே நாலு வருஷமா இவர்கிட்ட கெட்ட பேரை வாங்கிக்கிட்டு வாயைத் திறக்கலையே."

ஜோலீன் வீட்டுப் பக்கம் பார்த்தாள். வெர்ன் அதற்குள் ஏணியைச் சுவரில் சாத்தி, முதல் படியில் ஏறியிருந்தார்.

வண்டிக் கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கி ஓடினாள்.

"வெர்ன், ஒரு சின்ன உதவி. இந்த ஏணி எனக்கு ரெண்டு நாளைக்கு வேணும்."

வெர்ன் அவளைப் பார்த்தார். ஏணியைப் பார்த்தார். கைக்கு வந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் கேட்டுவிட்டாளே, இல்லையென்று எப்படிச் சொல்வது? மெதுவாகக் கீழே இறங்கினார்.

அவள் ஏணியை வண்டியில் ஏற்றிக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது, அவள் காதில் விழட்டும் என்றே மனைவியிடம் சொன்னார்.

"அப்பனை அப்படியே உரிச்சு வச்சிருக்கு பார்."