இரண்டு கையுறை

டெங்கு ஆராய்ச்சிக்கூடத்தின் கொசுக்கூண்டுக்குள் வழக்கமாக யமுனாம்மாவின் வெறுங்கைதான் நுழையும். கொசுக்கள் வயிறாரக் குடிக்கும். அன்று அவள் இரண்டு கையுறை மாட்டிக்கொண்டு, கிண்ணத்தில் ரத்தம் கொண்டுவந்து வைத்தாள்.

வரிக்காலி என்ற கொசு, மூத்த கொசுவின் வழியை மறித்தாள். "அக்கா, தன் ரத்தத்தையே குடுத்தவ இதைத் தொடவே பயப்படுறாளே. குடிக்காதே!"

"போடி பைத்தியக்காரி! இத்தனை நாள் வயித்தை நெறச்ச மகராசி நமக்குக் கெடுதல் செய்வாளா?" என்று மூத்தவள் மடக்கு மடக்கென்று குடித்தாள். பசி பொறுக்காமல் வரிக்காலியும் வாய் வைத்துவிட்டாள்.

கிண்ணத்தை எடுக்கும்போது ஒரே ஒரு துளி யமுனாம்மாவின் முழங்கையில் தெறித்தது. அவள் அலறிக்கொண்டு குழாயடிக்கு ஓடி, சோப்புப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தாள்.

வரிக்காலி குனிந்து, சிவந்து உப்பியிருந்த தன் வயிற்றைப் பார்த்தாள்.