இரண்டே நிமிஷம்

ஒலிபெருக்கி இன்று மூன்றாவது முறையாகக் கூப்பிட்டுவிட்டது. பாதி போட்ட பின்னக் கணக்கைப் பலகையிலேயே விட்டுவிட்டு இட்செல் அலுவலக அறைக்கு வந்து நிற்கிறாள். "ரெண்டே நிமிஷம்தான், மிஸ் மொந்தால்வோ. உங்கள விட்டா இங்க ஸ்பானிஷ் பேச யாரு இருக்கா?" என்று சிரிக்கிறார் தலைமையாசிரியை ஹாலண்ட். ஜன்னல் பட்டைகளின் வழியே இறங்கும் வெயில், எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவனுடைய தாயின் கைகளில் கோடுகோடாக விழுகிறது. நகக்கண்ணில் திராட்சைத் தோட்டத்து மண். மகனின் மதிப்பெண், அவன் போட்ட சண்டை, தடுப்பூசிச் சீட்டு என்று ஒவ்வொன்றையும் இட்செல் இருவருக்கும் மாற்றி மாற்றிச் சொல்கிறாள். தாழ்வாரத்துக்கு அப்பால் அவளுடைய வகுப்பு இரைகிறது. சட்டைப் பையில் நான்காக மடித்த தாள் குத்துகிறது. அடுத்த ஆண்டும் தொடர்வீர்களா என்று கேட்கும் தாள்; இன்று மாலைதான் கடைசி. 'இல்லை' என்ற கட்டத்தில் பென்சிலால் ஒரு மெல்லிய குறி. தாய் எழுந்து அவள் கையைப் பற்றிக்கொள்கிறாள். "நீங்க இருக்கீங்கன்னுதான் டீச்சர் இந்தப் படி ஏறுறேன். அடுத்த வருஷம் சின்னவளையும் உங்ககிட்டதான் விடப்போறேன். இருப்பீங்கல்ல?" "என்ன கேக்குறாங்க?" என்கிறார் ஹாலண்ட். ஆறு வருடமாக ஒரு சொல் விடாமல் இரண்டு பக்கமும் சொல்லிவந்த இட்செல், இருவர் முகத்தையும் பார்க்காமல், வகுப்பின் இரைச்சலைக் கேட்டபடி நிற்கிறாள்.