நாலு பச்சைக் கட்டம்

“இந்த விளம்பரத்தை வரைஞ்சது நீங்கதானேம்மா?”

வாசலில் நின்றவர் நீட்டிய பழைய பத்திரிகைத் தாளைப் பார்த்ததும் ஓவியர் ஓரடி பின்வாங்கினார். ஏழு தலை நாகம் தீயைக் கக்க, வீராங்கனை ஒருத்தி வாளை ஓங்கி நிற்கும் வீடியோ கேம் விளம்பரம். அந்தக் காலத்தில் இதற்காக அவர் வாங்கிய வசவு கொஞ்சநஞ்சமல்ல. தாளில் வாளும் நாகத்தின் தலைகளும் தேய்ந்து வெளுத்திருந்தன. ஆத்திரத்தில் சுரண்டியிருப்பாரோ?

“நான்தான். உள்ள வாங்க தம்பி.”

“கேமைப் போட்டுப் பார்த்தா, நாகம்னு நாலு பச்சைக் கட்டம் ஓடுது. வாளுக்கு ஒரே ஒரு கோடு!”

“மன்னிச்சுக்கோங்க. கேமை என் கண்ணுலயே காட்டல. பேரை மட்டும் சொல்லி வரையச் சொன்னாங்க. பாவம், சின்ன வயசுல ரொம்ப ஏமாந்துட்டீங்க.”

“போன வாரம்தாம்மா ஏமாந்தேன். பழைய சாமான் கடையில அப்பதான் அந்த கேம் கிடைச்சுது.”

“அப்போ சின்ன வயசுல?”

“எங்க வீட்டுல டிவியே கிடையாது. இந்தத் தாள்தான் இருந்துச்சு. தரையில விரிச்சு வச்சு, நானும் தங்கச்சியும் விரலாலயே விளையாடுவோம். அவளுக்கு வாள், எனக்கு நாகம். லீவு பூரா அதுதான். உங்களுக்கு ஒரு நன்றி சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்.”

ஓவியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தாளை மேஜைமேல் விரித்தார். வெளுத்துப்போன வாளின்மேல் மெல்ல விரலை வைத்தார்.

“இந்த கேமை நான் இன்னிக்குத்தான் பார்க்கறேன் தம்பி. எங்கே, உங்க நாகத்தை நகர்த்துங்க.”