அண்ணாச்சிக்கு நாலாம் பாடம்

"அந்தப் பச்சை பட்டனப் பைய அமுக்குங்க அண்ணாச்சி. இப்பம் பின் நம்பரப் போடுங்க. நான் அங்கன திரும்பிக்கிடுதேன்."

சிவசங்கரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு எவர்சில்வர் குடங்களைப் பார்த்தான். வள்ளியூர் பாத்திரக்கடை பாபநாசம் அண்ணாச்சிக்கு, போனில் பணம் அனுப்புவது பற்றி வாரத்துக்கு ஒன்றாக அவன் எடுக்கும் நாலாவது பாடம் இது.

கடைக்கு பில் போடும் சாப்ட்வேரைச் செய்து கொடுத்தவன் அவன். அதற்கான பணத்தைக் கட்டச் சொல்லி லிங்க் அனுப்பி ஒரு மாதமாகிறது. நாளை மதியத்துக்குள் வாடகை வராவிட்டால் அவனுடைய ஒற்றை அறை ஆபீசைப் பூட்டிவிடுவதாகக் கட்டடக்காரர் சொல்லிவிட்டார்.

'இருந்த இடத்திலிருந்தே எல்லாம் முடியும்' என்று விசிட்டிங் கார்டில் அச்சடித்து வைத்திருந்தான். அப்படிப்பட்டவன்தான் டவுனில் காந்திமதி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு பஸ்ஸில் நின்றபடியே வசூலுக்கு வருகிறான். அம்மனைப் பார்த்த கையோடு போனால் காசு தங்கும் என்பது அவன் அம்மாவின் கணக்கு. கம்ப்யூட்டர் படித்தவன் இதையெல்லாம் நம்பலாமா என்று அவன் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"எல்லாம் மறைஞ்சு போச்சே வே. மொதல்லேருந்து வருது."

"வெளிய வார பட்டன அமுக்கிட்டீங்க அண்ணாச்சி. இன்னொரு தடவ பாப்போம்."

"இரும், சாம்பிராணி காட்டிட்டு வந்துருதேன்."

புகை அடங்குவதற்குள் ஒரு அம்மா இட்லிக் கொப்பரை வாங்கி, கல்லாவில் ஒட்டியிருந்த அட்டையை ஸ்கேன் செய்தார். அண்ணாச்சி கண்ணாடிகூடப் போடாமல் போனைப் பார்த்தார்.

"அம்பது ரூவா கொறயுது தாயி. அதையும் போட்டு விட்டுருங்க. ஆங், வந்துட்டு."

வாங்குகிற பாடம் மட்டும் யாரும் நடத்தாமலே வந்துவிடுகிறது என்று சிவசங்கரன் பெருமூச்சு விட்டான். பிறகு மறுபடியும் பச்சை பட்டன், மறுபடியும் குடங்கள்.

"திரும்பவும் போச்சு தம்பி. காப்பி சொல்லட்டா?"

சிவசங்கரனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, நடத்தத் தெரியாத வாத்தியார் மாணவனைக் குறை சொல்வதா? எழுந்து பையை மாட்டிக்கொண்டான்.

"தப்பு உங்க மேல இல்ல அண்ணாச்சி. எனக்குச் சொல்லிக்குடுக்கத் துப்பில்ல. நாளைக்கு ஆபீசப் பூட்டிருவாங்க. பூட்டட்டும். அடுத்த வாரம் இதே நாள் வாரேன்."

அண்ணாச்சியின் முகம் மாறியது.

"பூட்டுதாங்களா? அத முன்னாடியே சொல்லக் கூடாதா? நாளைக்கு விடிஞ்சதும் உம்ம பணம் வந்துரும், போம்."

"யாரு அனுப்புவா?"

"நான்தான். சரக்குக்கு லட்ச லட்சமா இதுலதான வே அனுப்புதேன்."

சிவசங்கரன் மாட்டிய பையைக் கழற்றிக் கீழே வைத்தான். "பொறவு எதுக்கு அண்ணாச்சி நாலு வாரமா என்னைய இந்தப் பாடு படுத்துனீங்க?"

அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார்.

"வாசலுக்கு வந்தவன்ட்ட இல்லன்னு சொல்ல முடியுமா? அதுக்காவ, வெள்ளிக்கிழமையில எவனாவது லச்சுமிய வெளிய அனுப்புவானா வே?"