கச்சேரிக் கூரையின் குறை

"இதுக்குப் பேர் கட்டடமாய்யா, மேஸ்திரி? எதிரே நிக்கிறவன் சொல்றது காதிலேயே விழலை!"

தாலுக்காக் கச்சேரியின் நடுக்கூடத்தில், அத்தனை ஜனங்களுக்கும் முன்னால் தாசில்தார் சத்தம் போட்டார். போன மாசம்தான் வெள்ளைக்காரக் கலெக்டர் வந்து திறந்து வைத்த புதுக் கட்டடம்.

மேஸ்திரி அங்கமுத்து தலைகுனிந்து நின்றான். வாசலில் நின்ற அவன் மனைவி பெருமாயிக்கு உடம்பு கூசியது. அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு சுமந்தவள் அவள்.

தாசில்தார் கோபத்துக்குக் காரணம் இருந்தது. புதுச்சத்திரத்து ராசம்மாள், "தடத்தை மறிச்சுட்டாங்க சாமி" என்று அழ, அவர், "மடத்து விவகாரமெல்லாம் இங்கே கொண்டு வராதே" என்று விரட்டிவிட்டார். அவள் சொன்னது மடமல்ல, நடந்துபோகும் தடம் என்று குமாஸ்தா ஓடிவந்து சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கியது.

"வேதக்கோயிலைப் பாரு. நூறு வருஷக் கட்டடம். தாழ்வா தேக்குக் கூரை, கூரான வளைவு, ரெண்டு பக்கமும் ஜன்னல். கிறிஸ்துமஸுக்கு முன்வரிசையில உட்கார்ந்திருந்தேன். பாதிரியார் பேசினதுல ஒரு வார்த்தை தப்பலை. நீ பனைமர உயரத்துக்குக் கூரையைத் தூக்கி, உருட்டுத் தூணா நட்டு வெச்சிருக்கே. பேச்செல்லாம் மேலே போயிடுது!"

"சர்க்கார் பிளான்படிதானுங்க..."

"வா, நேரிலேயே காட்டறேன்."

இருவரும் வேதக்கோயிலுக்குள் போனார்கள். பெருமாயி வெளியே புளியமரத்தடியில் நின்றுகொண்டாள்.

திரும்பி வரும்போது தாசில்தார் முகமெல்லாம் சிரிப்பு.

"பார்த்தியா? நீ பீடத்துக்கிட்ட நின்னு சொன்னது, கடைசி வாசப்படியில நின்ன எனக்கு எவ்வளவு தெளிவாக் கேட்டுது! இதுதான்யா கட்டடம்!"

அங்கமுத்துவுக்கு அன்று ராத்திரிச் சோறு சரியாக இறங்கவில்லை.

மறுநாள் காலையில் நேராகக் கச்சேரிக்குப் போய்க் கை கட்டி நின்றான்.

"குத்தம் என்னுதுதானுங்க. கூரைய இனி இறக்க முடியாதுங்க. நீங்க உக்கார்ற மேடைய எடுத்துப்போட்டு, உங்க மேசையை ஜனங்க நிக்கற எடத்துக்கு ஒட்டினாப்பல போட்டுடறனுங்க. அவங்க மொகத்துல வெளிச்சம் விழறாப்பல ஜன்னலைப் பாத்து நிக்கட்டுமுங்க. பேச்சு மேல போறதுக்குள்ள உங்ககிட்ட வந்துருமுங்க."

அத்தனை பேருக்கு முன்னால் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டதில், வாசலில் நின்ற பெருமாயிக்கு அழுகையே வந்துவிட்டது.

மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. ராசம்மாளைக் கூப்பிட்டார்கள். அவள் பயந்து பயந்து மேசையோரம் வந்து நின்றாள்.

"தடத்தை மறிச்சுட்டாங்க சாமி."

"எந்தத் தடம்? கிணத்துக்குப் போறதா? யார் மறிச்சது?"

ராசம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மளமளவென்று சொல்ல ஆரம்பித்தாள். அன்று வந்தவர்கள் எல்லோரும் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுப் போனார்கள். பெரிய பாரம் இறங்கியவர்போல் நாற்காலியில் சாய்ந்தார் தாசில்தார்.

"தப்பு யாருக்கும் வரும், மேஸ்திரி. ஒப்புக்கிட்டியே, அது பெரிசு. ஆஸ்பத்திரிக் கட்டடத்தையும் நீயே எடுத்துச் செய்."

பெருமாயிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனாலும் வீட்டுக்குப் போகும் வழியில் மனசு கேட்கவில்லை.

"ஏனுங்க, கூரையத் தப்பாக் கட்டுனவன்னு ஊரே பேசுமே! அப்படி என்னதானுங்க பிசகு?"

"கூரையில ஒரு பிசகும் இல்ல புள்ள. அவருக்குக் காது மந்தமாயிட்டு வருது. மேல தெரிஞ்சா ஊட்டுக்கு அனுப்பிச்சுருவாங்க. இல்லாதவங்க சொல்றதைக் கேக்கோணும்னு தவிக்கற மனுசன் நமக்கு மறுக்கா வருவாரா?"

"வேதக்கோயில்ல மட்டும் நீங்க சொன்னது எப்படிக் கேட்டுச்சாம்?"

அங்கமுத்து சிரித்தான்.

"நான் எங்க புள்ள சொன்னேன்? வாயை மட்டுந்தான் அசைச்சேன்."